கம்பிகளுக்கு நடுவே ஒரு சிரிப்பு

காது கேட்கும் கருவிக்கான சிப் ஒன்றை அவள் வடிவமைத்துக்கொண்டிருந்தாள். சாயங்காலத்துக்குள் வரைபடத்தைத் தொழிற்சாலைக்கு அனுப்பியாக வேண்டும். நெருக்கமாக ஓடும் கம்பிகள் ஒன்றிடமிருந்து ஒன்று உறிஞ்சிக்கொள்ளும் மின்சாரத்துக்கு ஒட்டுண்ணி என்று பெயர். அதையும் கணக்கில் சேர்த்து, கணினியில் கடைசிச் சோதனையை ஓடவிட்டாள். உள்ளே எந்த ஒலியும் கொடுக்கவில்லை. வெளியேயும் எதுவும் வரக்கூடாது.

அது ஓடி முடிவதற்குள் பக்கத்து மேஜைத் தோழி மேலாளரைப் போல நடந்து காட்டினாள். இவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

முடிவில் ஒரு சின்ன அலை இருந்தது. அதை ஒலிபெருக்கியில் போட்டாள். அவளுடைய சிரிப்பேதான், கடைசியில் வந்த விக்கல் உட்பட.

“மைக் ஏதாவது ஆன்ல இருக்காடி?” என்று தோழியிடம் கேட்டாள்.

“இந்த கம்ப்யூட்டர்ல மைக்கே கிடையாது.”

“இப்படியே அனுப்பினா காதுல மாட்டிக்கிறவங்க பாவம்.”

“என்ன பாவம்? ஜாலியா இருப்பாங்க.”

அவள் கம்பிகளைத் தள்ளித் தள்ளி வைத்து மறுபடி ஓடவிட்டாள்.

“இந்தத் தடவை சிரிச்சே, கொன்னுடுவேன்” என்றாள் தோழி.

அறையில் இருந்த அந்த இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு ஆளுக்கொரு சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்கள். சத்தமே வரவில்லை. தோள்கள் மட்டும் குலுங்கின.

ஓடி முடிந்ததும் போட்டுக் கேட்டார்கள். அடக்கி வைத்திருந்த சிரிப்பெல்லாம் கொட்டியது. முதலில் அவளுடையது, கூடவே தோழியுடையது. இரண்டும் ஓய்ந்த பிறகு, வேடிக்கை அப்போதுதான் புரிந்ததுபோல, ஒலிபெருக்கியில் மூன்றாவதாக ஒருவர் சிரித்தார்.