மடக்கிய கட்டைவிரல்

முந்திரிக்கொட்டை உடைத்து உடைத்து, அதன் ஓட்டிலிருந்து கசியும் எண்ணெயில் ஸ்டெல்லாவின் விரல்தோல் கருகி உரிந்துவிட்டது. ரேஷன் கடை மெஷினில் ரேகை பதியவில்லை, அதனால் ரேஷன் அரிசியும் இல்லை.

“பத்து நாளு கொட்டையத் தொடாதீங்கக்கா. தோலு வளரட்டும், அடுத்த வாரம் சனிக்கிழமை வாங்க,” என்றார் கடைக்காரர்.

அடுத்த வார வியாழனன்று மெல்லிய தோல் மூடியிருந்தது. பல வருடங்களுக்குப் பிறகு டீ டம்ளர் சுட்டுக் கையை உதறினாள். அன்றைக்கே முந்திரி ஆலை மேஸ்திரி போனில் கூப்பிட்டார்.

“நாளைக்கி வரல்லேன்னா ஒனக்க எடத்துல வேற ஆளு.”

வெள்ளிக்கிழமை போனாள். எண்ணெய் ஒட்டாமலிருக்க நான்கு விரல்களில் மட்டும் சாம்பல் பூசி, ரேகை வைக்க வேண்டிய கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டு கொட்டையைப் பிடித்தாள்.

“உள்ள யாரட்டீ ஒளிச்சு வச்சிருக்க?” என்று பக்கத்திலிருந்த தாசம்மாள் சிரித்தாள்.

ஸ்டெல்லா அடுத்த கொட்டையை எடுத்தாள். விரலிடுக்கு வழியே எண்ணெய் உள்ளே இறங்குவது அந்தப் புதுத்தோலுக்கு நன்றாகவே தெரிந்தது.