திரை இல்லாத கணினி

அறையில் இருந்தவர்கள்: பார்வையற்ற இன்பராஜ், அவன் விரல்களை உடைக்க வந்த குணாளன், குணாளனின் தம்பி சேர்மத்துரை. பிறகு ஒரு மடிக்கணினி.

இன்பராஜின் தம்பி ஜெபசிங்கைக் குணாளனும் சேர்மத்துரையும் வெட்டிக் கொன்றபோது, ஜெபசிங் தன் அண்ணனோடு போனில் பேசிக்கொண்டிருந்தான். சத்தம் முழுக்க இன்பராஜின் போனில் பதிவாகிவிட்டது. பயத்தில் இன்பராஜ் அதை யாருக்கும் அனுப்பாமல் கணினியில் வைத்திருந்தான்.

“அழிலே,” என்று குணாளன் இரண்டாவது விரலையும் முறித்தான். “திரையப் போடு. நான் பாக்கணும்.”

“திரை செத்து ரெண்டு வருசமாச்சுண்ணே. எனக்கெதுக்கு அது?”

சேர்மத்துரை சிரித்துவிட்டான். குணாளன் அவனையும் அறைந்தான்.

உடையாத கையால் இன்பராஜ் விசைகளைத் தட்டினான். ஒவ்வொரு தட்டலையும் கணினி வாசித்துச் சொன்னது, அவன் காது பழகிய அதிவேகத்தில். மற்ற இருவருக்கும் அது சூடான சட்டியில் கடுகு வெடிப்பது போலத்தான் கேட்டது.

“என்னலே சொல்லுது?”

“அழிக்கவான்னு கேக்குது.”

“ஆமான்னு சொல்லு.”

இன்பராஜ் தட்டினான். கணினி படபடத்து ஓய்ந்தது.

“அதை மெதுவாப் பேச வை. என் காதுல கேக்கணும்.”

இன்பராஜ் வாயில் ஊறிய ரத்தத்தைத் துப்பினான். வேகத்தை முடிந்த மட்டும் குறைத்தான். பிள்ளைக்குச் சோறூட்டுகிறவளைப் போல ஒரு பெண்குரல் நிதானமாகச் சொன்னது: “ஜெபசிங் ஒலிப்பதிவு. தொடர்புப் பட்டியலில் உள்ள அனைவருக்கும் அனுப்பப்பட்டது.”

சேர்மத்துரை அண்ணனின் முகத்தைப் பார்த்தான். வெளியே ஓடினான். அவன் போன பிறகு குணாளன் கதவைச் சாத்தி, உள்ளே நின்றபடியே பூட்டினான்.