குர்ரவின் ஊரின் பெரிய ஹேஷ்டேக்

“இன்னும் ஒரு அடி கிட்ட வந்தே, கிளெம், கடிச்சு வச்சிடுவேன்!”

நெரிடா தன் இடுப்பைச் சுற்றியிருந்த சங்கிலியை இழுத்துக் காட்டினாள். அதன் மறுமுனை ஒன்பது மீட்டர் உயர மஞ்சள் இரும்புக் கம்பத்தில் பூட்டப்பட்டிருந்தது. பத்தடி தள்ளி ஒரு கிரேன். அதன் படியில் உட்கார்ந்து ஓட்டுநர் டாரில் நிதானமாகத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தான்.

மற்ற ஊர்க்காரர்கள் நெடுஞ்சாலை ஓரத்தில் பெரிய வாழைப்பழம், பெரிய இறால் என்று கட்டி வைத்துக் கார்களை நிறுத்தினார்கள். குர்ரவினில் வாழையும் இல்லை, இறாலும் இல்லை. அதனால் இரண்டாயிரத்துப் பதினாலில், நெடுக்கே இரண்டு கம்பம், குறுக்கே இரண்டு கம்பம் என்று பெரிய ஹேஷ்டேக் ஒன்றை நிறுத்தினார்கள்.

அப்போது உலகமே அந்தக் குறியைப் போட்டுக்கொண்டிருந்தது. காலையில் தின்ற முட்டைக்குக்கூட ஏழு ஹேஷ்டேக். சிட்னியிலிருந்து வடக்கே போகிறவர்கள் இங்கே இறங்கிப் படம் எடுத்து, குறியைப் போட்டு, ஊர்ப் பெயரைச் சேர்த்து ஏற்றினார்கள். பிறகு பசித்தது. எதிரிலேயே நெரிடாவின் பேக்கரி.

இப்போது அந்தக் குறிக்கு வயதாகிவிட்டது. ஊர்ப் பெயரில் கடைசியாக வந்த படம் பதினோரு மாதத்துக்கு முந்தையது. அதுவும் யாரோ தவறிப்போய்ப் போட்ட பூனைப் படம். இந்த மாதத்துக்குள் வியாபாரம் திரும்பாவிட்டால் நெரிடா கடையை மூட வேண்டியதுதான் என்று ஊருக்கே தெரியும்.

இந்த நேரம் பார்த்துத்தான், வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு ஹேஷ்டேக் அகற்றப்படும் என்று நகராட்சித் தலைவர் கிளெம் அறிவிப்பு ஒட்டினார்.

“நாலு வருஷம் ஒரே பெஞ்சில உக்காந்து படிச்சோம், நெரிடா. சொன்னாக் கேளு. இது வெறும் பழைய இரும்பு. இதை இப்ப யாரும் போடறதில்ல.”

“உன் தலையிலயும்தான் இப்ப ஒண்ணும் இல்ல. அதுக்காக உன்னைக் கிரேன் வச்சா தூக்கிட்டாங்க?”

வேடிக்கை பார்த்த எட்டுப் பேரும் சிரித்தார்கள். அவர்களில் ஒருத்தி வேனில் வந்திறங்கிய டானிகா. வேனின் மேல் அலைச்சறுக்குப் பலகை கட்டியிருந்தது, கையில் போன் தயாராக இருந்தது.

“அம்மா, அந்தத் தலை விஷயத்தை இன்னொரு தடவை சொல்றீங்களா? பாதிதான் பதிவாச்சு.”

நெரிடா முதலில் சொன்னதைவிடச் சத்தமாகச் சொன்னாள். கிளெம் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றார்.

“டேக் போட மறந்துடாதேம்மா. முதல்ல இந்தக் குறி, அப்புறம் ஊர் பேரு” என்றாள் நெரிடா.

“டேக்கா?” டானிகா வாயைப் பொத்திக்கொண்டாள். “அதெல்லாம் எங்கப்பா போடுவாரு. சும்மா விட்டாலே ஓடும், பாருங்க.”

ஓடியது. பதினோரு மணிக்கு நெடுஞ்சாலையிலிருந்து முதல் கார் திரும்பியது. பன்னிரண்டுக்குள் கார்கள் பெட்ரோல் பங்க் வரை வரிசையாக நின்றன. வந்தவர்கள் நெரிடாவோடு படம் எடுத்தார்கள், கம்பத்தைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்தார்கள், கிளெமின் தலையையும் எடுத்தார்கள்.

“ஆறாவது தட்டும் காலி, நெரிடா!” பேக்கரி வாசலிலிருந்து கடை உதவியாள் மேவிஸ் கத்தினாள். சாதாரண வியாழக்கிழமைகளில் கறி அடைத்துச் சுட்ட மீட் பை இரண்டு தட்டு விற்றாலே பெரிய விஷயம்.

“கீழ் அடுக்குல இன்னும் நாலு தட்டு இருக்கு, பாரு!” என்று நெரிடா சங்கிலியோடு கத்தினாள்.

இரண்டு மணிக்குக் கிளெம் கிரேன் படியில் ஏறி நின்றார். டாரில் நகர்ந்து இடம் விட்டான்.

“மக்கள் பேசிட்டாங்க. நகராட்சி கேட்டுக்கிச்சு. ஹேஷ்டேக் எங்கேயும் போகாது!”

கார்களின் ஹாரன் சத்தத்தில் காது கிழிந்தது. யாரோ நெரிடாவுக்கு மஞ்சள் பூங்கொத்து கொடுத்தார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டே அவள் வாங்கிக்கொண்டாள். காலையிலிருந்து ஒருமுறைகூட உறுமாத கிரேனை டாரில் கிளப்பிக்கொண்டு போனான்.

நாலு மணிக்குக் கடைசிக் காரும் போயிற்று. கிளெம் சாலையின் இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு சாவியை எடுத்துச் சங்கிலியின் பூட்டைத் திறந்தார்.

“ஒத்திகையில என் தலையைப் பத்தி வசனமே இல்லையே?”

“அந்த நேரத்துக்கு வாயில வந்துச்சுடா.” நெரிடா இடுப்பைத் தேய்த்துக்கொண்டாள். “பத்துத் தட்டும் வித்துப்போச்சு. கடையை மூட வேண்டாம்.”

அவளுடைய ஏப்ரன் பையில் போன் அடித்தது. எடுத்துக் கேட்டாள். “எத்தனை மணிக்கு? கிரேனையும் நாங்களே கொண்டு வரணுமா?” என்றாள். பிறகு போனைக் கையால் மூடிக்கொண்டு கிளெம் பக்கம் திரும்பினாள்.

“பக்கத்து ஊர்த் தலைவர்டா. செவ்வாய்க்கிழமை அவங்க பெரிய பூசணிக்காயைக் காப்பாத்த வருவீங்களான்னு கேக்கறாரு.”