சக்களத்திப் பூ

“ஒழுங்கா வெளிய வந்துடுங்க! உள்ளதான் ஒளிஞ்சிருக்கீங்கன்னு எனக்குத் தெரியும்.”

கொல்லைப்புறத்திலிருந்து வந்த அதட்டலில், இரவல் கத்தரிக்கோலைத் திருப்பித் தர வந்த பக்கத்து வீட்டுப் பெண் வாசலிலேயே நின்றுவிட்டாள். “என்னக்கா, திருடனா?”

“திருடனா இருந்தாத் தேவலையே. உங்க அண்ணன் மண்ணோட பேசிக்கிட்டிருக்கார்” என்றாள் மனைவி.

ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். கழிப்பறைக் கதவைத் தட்டித் தட்டியே பாதி ஆயுள் போய்விட்டதால், யாரை அழைத்தாலும் குரல் அப்படித்தான் வரும். இப்போது துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஒரு பாய் அகலத்துக்கு மண்ணைக் கொத்திச் சமப்படுத்திவிட்டு, அதன் முன்னால் குந்தியிருந்தார்.

எல்லாம் ஒரு காட்டுப் பூவுக்காக. வேலையில் இருந்த காலத்தில், ரயில் ஒரு வளைவில் திரும்பும்போது தண்டவாளக் கரையோரம் முழுக்க நீலமாக விரிந்து கிடக்கும். வருஷா வருஷம் புதிதாக முளைத்து, பூத்து, விதையை உதிர்த்துவிட்டுச் செத்துப்போகிற சின்னச் செடி. அங்கே ரயில் நிற்காது. கதவருகே நின்று பார்ப்பதோடு சரி.

வீட்டுக்கு வந்தாலும் அதே பேச்சுதான். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த மனைவி, அந்தப் பூவுக்கு ‘சக்களத்தி’ என்று பெயர் வைத்துவிட்டாள்.

ஓய்வு பெற்றதும் அவர் நடந்தே போய், காய்ந்த காய்களைப் பறித்துக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு வந்தார். வந்த சூட்டோடு, இன்னொரு தண்டவாளம் போடுவதற்காக அந்தக் கரையையே வெட்டி அள்ளிவிட்டார்கள். இனி அந்தப் பூ பூத்தால் இந்தக் கொல்லையில்தான் பூக்க வேண்டும்.

“காட்டு விதைன்னா சும்மா இல்லம்மா. முதல்ல இந்த மண்ணை...” என்று ஒருநாள் விளக்க ஆரம்பித்தார்.

“குக்கர் கத்துது. உங்க மண் புராணத்தை அப்புறம் வச்சுக்குங்க” என்று அவள் உள்ளே போய்விட்டாள்.

அவர் காலையும் மாலையும் பூவாளியால் தண்ணீர் தெளித்தார். அருகம்புல்லோ கோரையோ தலையை நீட்டினால் போதும், அவர் முகம் மலர்ந்துவிடும். “வா ராஜா, வா!” என்று வேரோடு பிடுங்கி எறிவார். நீலக்காரி மட்டும் வருகிற வழியாகக் காணோம்.

“என்ன, என் சக்களத்தி இன்னும் கண் முழிக்கலையா?”

“வருவா. அவசரப்பட்டா காரியம் கெட்டுடும்.”

“உங்க கை பட்டா பிளாஸ்டிக் பூவே வாடிடும். இதுல காட்டுப் பூ கேக்குதாக்கும்!”

சுவருக்கு அந்தப் பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பெண் களுக்கென்று சிரித்தாள். அவரும் கூடச் சேர்ந்து சிரித்தார்.

ஆனால் அன்று சாயங்காலம் வெறும் மண்ணைப் பார்த்தபடி, முகவாயில் கையை வைத்துக்கொண்டு அவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். சமையலறை ஜன்னல் வழியே மனைவி அதைப் பார்த்துவிட்டாள். அந்தக் கையை நம்பித்தானே நானும் வந்தேன், வாய்க்கு வந்ததைப் பேசலாமா என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

மறுநாள் அவர் காலை நடைக்குக் கிளம்பியதும், அவள் தெருமுனை நர்சரிக்கு ஓடினாள். “நீலமாப் பூக்கிற நாத்து எதாவது குடுங்க. பார்க்கக் காட்டுச்செடி மாதிரி இருக்கணும்.”

நர்சரிக்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். “எதை வேணா வாங்கிட்டுப் போய்த் தண்ணி ஊத்தாம விடுங்க. தானா காட்டுச்செடி ஆயிடும்.”

நாற்றுத் தட்டோடு வீட்டுக்கு வந்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மளமளவென்று நட்டாள். சக்களத்திக்குப் பிரசவம் பார்க்கிற பெண்டாட்டி உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன் என்று நினைத்தபோது அவளுக்கே சிரிப்பு வந்தது. அவசர அவசரமாகக் கையைக் கழுவிவிட்டு அடுப்படியில் போய் நின்றுகொண்டாள்.

சற்று நேரத்தில் கொல்லையிலிருந்து குரல் வந்தது. “இங்க கொஞ்சம் வாயேன்!”

ஓடிப்போய்க் கண்ணை அகல விரித்தாள். “அட, முளைச்சிடுச்சா!”

“எப்ப முளைச்சிருக்கும்?”

“ராத்திரிதான். விடியக்காலையில வாளி எடுக்க வந்தப்ப லேசா எட்டிப் பார்த்துச்சு. அதுக்குள்ள கிடுகிடுன்னு வளர்ந்துடுச்சு பாருங்களேன்.”

“நாலு நாலு இலையோடவா?”

“காட்டுச்செடியாச்சே. அதுங்களுக்கு வேகம் ஜாஸ்தி.”

“நூல் பிடிச்ச மாதிரி வரிசையா வேற நிக்குது.”

“நீங்க வரிசையா விதைச்சிருப்பீங்க! எல்லாம் உங்க கைராசிதாங்க. நான் ஏதோ வாய்த்துடுக்கா சொன்னதை மனசுல வச்சுக்காதீங்க.”

அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டார். இல்லாத டிக்கெட்டைப் பையில் தேடுகிறவர்களைக்கூட அவர் அவசரப்படுத்தியதில்லை. கதையை முழுசாகச் சொல்லி முடிக்க விடுவார்.

அவளுடைய கையைப் பிடித்து, நகக்கண்ணில் ஒட்டியிருந்த மண்ணைத் தன் துண்டால் பதமாகத் துடைத்துவிட்டார். “இவ்வளவு அழகா வந்ததைப் பிடுங்க மனசே வரலையே!”

“ஐயையோ, எதுக்குப் பிடுங்கணும்?” என்று பதறினாள்.

“உள்ள இருக்கிற களையெல்லாம் முதல்ல வெளிய வந்து ஒழியட்டும்னுதான் இத்தனை நாள் தண்ணி ஊத்தினேன்” என்றார், சிரிப்பை அடக்கிக்கொண்டு. “விதையை இன்னும் நான் போடவே இல்லம்மா!”