குடோனுக்குப் போ!

"கண்ணு தெரியுதா இல்லையா? காலர் கோணலா இருக்கு! இதுதான் சட்டை மடிக்கிற லட்சணமா?"

மேனேஜர் போட்ட சத்தத்தில், துணி வாங்க வந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

சட்டைப் பிரிவு அக்கா தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

"என் கண்ணு முன்னாடி நிக்காதே! குடோனுக்குப் போ! பழைய ஸ்டாக்கெல்லாம் பிரிச்சு அடுக்கி முடிச்சாத்தான் வெளியே வரணும்!"

அக்கா மெல்ல நடந்து, கடைக் கோடியிலிருந்த குடோன் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

பக்கத்தில் நின்றிருந்த பயிற்சி மாணவிக்குப் பொறுக்கவில்லை. பி.பி.ஏ. இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். நிர்வாகம் கற்றுக்கொள்ள, கல்லூரி அவளை ஒரு மாதம் இந்தத் துணிக்கடைக்கு அனுப்பியிருந்தது. கடையில் எல்லாரும் அவளைக் கூப்பிடுவது 'காலேஜ்'. மேனேஜருக்கு, அவருக்குத் தெரியாமல் வைத்திருந்த பெயர் 'இடி'.

ப்ராஜெக்ட் தலைப்பு என்ன தெரியுமா? 'ஊழியர்களை உற்சாகப்படுத்துவது எப்படி?' நல்ல இடம் பார்த்துத்தான் அனுப்பினார்கள், போங்கள்!

அவள் அந்தச் சட்டையை எடுத்துப் பார்த்தாள். காலர் ஸ்கேல் வைத்த மாதிரி நேராக இருந்தது.

என்ன அநியாயம் இது! கேட்டுவிட வேண்டியதுதான். ஆனால், ப்ராஜெக்ட்டில் இந்த மனுஷன் கையெழுத்துப் போட்டால்தான் மார்க். போடாவிட்டால் செமஸ்டர் அம்பேல். காலையில்கூட அம்மா சொல்லித்தான் அனுப்பினாள். "வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருடி. கையெழுத்தை வாங்கிக்கிட்டு ஒழுங்கா வந்து சேர்."

வாய் கேட்டால்தானே?

"சார், காலர் நேராத்தான் இருக்கு."

மேனேஜர் திரும்பினார். "என்ன சொன்னே?"

"நேராத்தான் இருக்குன்னு சொன்னேன் சார். அப்படியே தப்பு நடந்திருந்தாலும் தனியாக் கூப்பிட்டுச் சொல்லணும். பாராட்டுறதைத்தான் நாலு பேர் முன்னாடி செய்யணும். எங்க புத்தகத்துல முதல் பாடமே அதுதான்."



மேனேஜர் என்னவோ சொல்ல வாயெடுத்தார். பிறகு ஒரு நொடி அண்ணாந்து பார்த்தார். மேலே கேமரா. மாடி அறையில் உட்கார்ந்து முதலாளி நாள் முழுக்கக் கடையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

"எனக்கே பாடம் எடுக்கிறியா? நீயும் போ குடோனுக்கு! கூப்பிடுற வரைக்கும் வெளியே தலைகாட்டக் கூடாது!"

போச்சு. கையெழுத்தும் போச்சு, செமஸ்டரும் போச்சு. அம்மா கிழித்துத் தோரணம் கட்டப் போகிறாள்.

கண்ணில் முட்டிய நீரைத் துடைத்துக்கொண்டாள். போனால் போகட்டும். உள்ளே அழுதுகொண்டிருக்கும் அக்காவுக்காவது ஆறுதல் சொல்லலாம் என்று கதவைத் தள்ளினாள்.

உள்ளே ஃபேன் ஜோராகச் சுற்றிக்கொண்டிருந்தது. அக்கா பெஞ்சில் சாய்ந்து, வீங்கிய காலை ஓர் அட்டைப் பெட்டிமேல் நீட்டி, பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டிருந்தாள்.

"வாம்மா காலேஜ்! உனக்கும் கிடைச்சிடுச்சா? உட்கார், உட்கார். பிளாஸ்க்ல டீ இருக்கு."

"அக்கா... அந்த ஆள் உங்களை அவ்வளவு கேவலமாத் திட்டினாரே!"

"திட்டினாத்தானே இங்க வர முடியும்?"

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"கடையில யாரும் உட்காரக் கூடாதுங்கிறது முதலாளி போட்ட சட்டம். காலையில வந்தா வீட்டுக்குப் போற வரைக்கும் நின்ன கால்தான். கேமரா இல்லாத இடம் இது ஒண்ணுதான். 'போய்க் கொஞ்சம் உட்காரு'ன்னு அனுப்பினா மனுஷன் வேலையே போயிடும். தண்டனைன்னு அனுப்பினா, 'கண்டிப்புன்னா நீதான்யா'ன்னு முதலாளி தட்டிக்கொடுப்பாரு. அதனால, யாரு நடை சரியில்லையோ அவங்க காலர் கோணலாயிடும்."

"அப்போ இந்த டீ, பிஸ்கட்?"

"எல்லாம் இடி வாங்கி வெக்கிறதுதான்."

"ஐயோ! அது தெரியாம நான் வேற எதிர்த்துப் பேசி..."

"நீ பேசாம இருந்திருந்தாலும் உனக்குத் திட்டு நிச்சயம். நீ கால் மாத்திக் கால் மாத்தி நிக்கிறதைப் பார்த்துட்டு, 'அந்தப் பொண்ணைத் திட்டணுமே, படிக்கிற பிள்ளை, அழுதுடுமோ'ன்னு ஒரு வாரமாப் புலம்பிக்கிட்டு இருந்தாரு. நல்லவேளை, நீயே போய் வாயைக் கொடுத்தே."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே அழுகையும் வந்தது. பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தாள். அப்பாடா, என்ன சுகம்!

"அக்கா, இதை அப்படியே ப்ராஜெக்ட்ல எழுதப் போறேன். இவரை மாதிரி ஒரு மேனேஜர் எந்தப் புத்தகத்துலயும் கிடையாது."

"எழுதித் தொலைச்சிடாதே, தாயே! முதலாளி கண்ணுல பட்டா இங்கயும் ஒரு கேமரா வந்துடும். ஈவு இரக்கமே இல்லாத ஆளுன்னு எழுது. சந்தோஷமாக் கையெழுத்துப் போடுவாரு."

வெளியே மறுபடியும் இடி இடித்தது. "பேன்ட்டை இப்படியாய்யா தொங்க விடுறது? அறிவில்லே? குடோனுக்குப் போ!"

அக்கா அவசரமாகக் காலை மடக்கிக்கொண்டு பெஞ்சின் ஓரத்துக்கு நகர்ந்தாள்.

"கொஞ்சம் தள்ளி உட்காரும்மா. பேன்ட் பிரிவு அண்ணனுக்குக் காலையிலேருந்து முட்டி வலி."