எம்.பி. காட்டிய வெங்காயம்

"இஞ்சாருங்கோ, எங்கடை எம்.பி. கதைக்கிறார்!" இராசமலர் கணவன் நமசிவாயத்திடம் போனை நீட்டினாள்.

பாராளுமன்றத்தில் எம்.பி. கறுத்து அழுகிய வெங்காயம் ஒன்றை உயர்த்திப் பிடித்தார். "இது இணுவில் வெங்காயம்! அறுவடை நேரத்திலை நீங்கள் இறக்குமதி செய்ததாலை, வாங்க ஆளில்லாமல் எங்கடை சனத்தின்ரை கொட்டில் முழுக்க இப்பிடித்தான் கிடக்குது!"

நமசிவாயத்துக்குக் கண் கலங்கியது. எம்.பி. வீட்டு வாசலில் நின்று, "ஒருக்கா எங்களுக்காகக் கதையுங்கோ ஐயா" என்று கெஞ்சியது வீண்போகவில்லை.

பின்னேரம் வியாபாரி கோபிசங்கர் போனில் கூப்பிட்டான்.

"அண்ணை, நாளைக்கு லொறி வராது."

"ஐயோ தம்பி, உன்னை விட்டால் எனக்கு ஆர்? விலையைக் குறைச்செண்டாலும் எடு."

"விலையில்லை அண்ணை பிரச்சினை. உங்கடை வெங்காயம் முழுக்க அழுகலெண்டு எம்.பி.யே ரீவியிலை காட்டிப்போட்டார். கொழும்பிலை இனி ஒருத்தரும் தொடமாட்டினம்."

"என்ரை வெங்காயம் நல்லது தம்பி! வந்து பார்!"

கோபிசங்கர் போனை வைத்துவிட்டான்.

நமசிவாயம் கொட்டிலுக்குள் போய் நின்றார். பிடிபிடியாகத் தொங்கிய வெங்காயம் அத்தனையும் சிவந்து மினுங்கியது. எம்.பி. அத்தாட்சிக்கு ஒரு அழுகல் வேண்டுமென்று கேட்டபோது, இதற்குள் ஒன்றைக் கண்டுபிடித்துக் கொடுக்க நமசிவாயம் முழுப் பகலும் தேட வேண்டியிருந்தது.