சக்களத்தி

மார்புக்குள் ஒளியைச் செலுத்திப் புற்றுநோயைத் தொடக்கத்திலேயே கண்டுபிடிக்கும் கருவி அது. ஆராய்ச்சிக்காரர் தினமும் காலையில் ஒரு சிலிக்கோன் மார்பை வைத்து அதைச் சரிபார்ப்பார். அந்தப் பொம்மைக்குச் சக்களத்தி என்று பேர் வைத்தது அவர் மனைவிதான். "எழுந்ததும் அவளைப் பாக்கத்தானே இந்த ஓட்டம்?" என்பாள். கருவி தயாராகும் முன்பே நோய் அவளைக் கொண்டுபோய்விட்டது.

விடுப்பு முடிந்து அவர் திரும்பிய அன்று, திரையில் பொம்மைக்குள் ஒரு கரும்புள்ளி தெரிந்தது. இடப்பக்கம், அக்குள் ஓரம். மனைவிக்கு இருந்த அதே இடம், அதே அளவு.

"பொம்மைக்கே கட்டி கண்டுபிடிச்சிட்டீங்களே, கைராசிக்காரர் சார் நீங்க!" என்று உதவியாளப் பெண் சிரித்தாள். "இதைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வரவழைச்சிடலாம்."

மறுநாள் புள்ளி சிறுத்திருந்தது. அதற்கடுத்த நாள் இன்னும் கொஞ்சம். அவருக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. ஆய்வகம் திறக்கும் முன்பே வந்து வாசலில் நடந்துகொண்டிருந்தார். எலுமிச்சை அளவில் இருந்தது பட்டாணியாகி, பிறகு கடுகானது. இந்த அளவில் பார்த்திருந்தால் அவள் பிழைத்திருப்பாள். புதுப் பொம்மை வருவதற்குள் அந்தக் கடுகும் கரைந்துவிட வேண்டுமே என்று தவித்தார்.

புதுப் பொம்மை வந்த காலையில் திரையில் புள்ளி இல்லை. உதவியாளப் பெண் பெட்டியோடு வந்து நின்றாள். "பழசைக் குடுங்க சார்."

எடுக்கப் போனவர் கையை அதன்மேல் அப்படியே வைத்திருந்தார். குளிரூட்டிய அறையில் அது வெதுவெதுப்பாக இருந்தது. உள்ளங்கைக்குக் கீழே மெல்ல ஏறி இறங்கியது.

"சத்தம் போடாதம்மா," என்றார். "இப்பதான் கண்ணசந்தா."